எழுதிய மதிப்பும் இருக்கும் மதிப்பும்

சென்னை ரிச்சி தெருவில் போய் ரெசிஸ்டர் கேட்டால் 1 கே, 2.2 கே, 4.7 கே, 10 கே என்று எடுத்துக் கொடுப்பார்கள். சரியாக 5 கே வேண்டும் என்று நின்றால், 4.7 போட்டுக்கொள்ளுங்கள் அல்லது 5.1 வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். உலகில் எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் நிலைமை இதுதான். முழு எண்ணான 5 ஒதுங்கிக்கொள்ள, 4.7 என்ற பின்னம் இப்படிச் செல்வாக்காக உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை விளக்கப் புகுந்தால் இந்தத் துறையின் அடிப்படை வரைக்கும் போக வேண்டியிருக்கும். பாகத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணை, அதை அளந்து பார்த்து எழுதிய எண் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது, அந்தப் பெயரில் வெளிவரும் லட்சக்கணக்கான பாகங்களைப் பற்றித் தொழிற்சாலை கொடுக்கும் உறுதிமொழி. மின்னணுவியல் வளர்ந்தது பாகங்கள் துல்லியமானதால்தான் என்பது பொதுவான நம்பிக்கை. பாகங்கள் துல்லியமாக இருக்காது என்று ஒப்புக்கொண்டு, அவற்றை வைத்தே துல்லியமான கருவியைச் செய்யக் கற்றதால்தான் அது வளர்ந்தது என்பது என் கட்சி. அதற்கான சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன். எதிர்க்கட்சி சொல்லக்கூடியதையும் விட்டுவிடமாட்டேன்.

முதலில் அந்த 4.7. மஞ்சள், ஊதா, சிவப்பு, கடைசியில் தங்கம் என நான்கு வளையங்கள் இருந்தால் அது 4.7 கிலோ ஓம், டாலரன்ஸ் 5 சதவீதம். பள்ளிப் பாடநூல் மாறுபாட்டு அளவு என்று சொல்வது இந்தத் தங்க வளையத்தைத்தான். அதாவது 4,465 ஓமுக்கும் 4,935 ஓமுக்கும் இடையே எங்கே இருந்தாலும் அந்த ரெசிஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவே கணக்கு. தங்கத்துக்குப் பதில் வெள்ளி இருந்தால் 10 சதவீதம். நான்காவது வளையமே இல்லை என்றால் 20 சதவீதம். கரித்தூளையும் பிசினையும் கலந்து அழுத்திச் செய்த பழைய ரெசிஸ்டர்களில், ஒரே கலவையிலிருந்து வந்தவைகூட ஒன்று போல் ஒன்று இருக்காது. செய்து முடித்த பின் அளந்து பார்த்துத்தான் வண்ணம் தீட்ட முடியும். அந்த நிலைமைக்கு ஏற்ற எண் வரிசை எது? 10, 15, 22, 33, 47, 68 என்ற ஆறு எண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 10இன் மேல் எல்லை 12. 15இன் கீழ் எல்லையும் 12. 15இன் மேல் எல்லை 18. 22 தொடங்குவது 17.6இல். 22 முடிவது 26.4இல், 33 தொடங்குவதும் 26.4இல்தான். இப்படியே போனால் 68 முடிவது 81.6இல், அடுத்த 100 அதற்குமுன் 80இலேயே தொடங்கிவிடுகிறது. வரிசையில் ஓட்டையே இல்லை. எந்த மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் வெளிவந்தாலும் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது, குப்பைக்குப் போக வேண்டியது எதுவும் இல்லை. இதில் 5க்கு மட்டும் தனி இடம் கொடுத்தால், 4.7இன் எல்லைக்குள்ளேயே இன்னொரு பெயரை நுழைத்ததாகும். வாங்குபவருக்கும் பயன் இல்லை, விற்பவருக்கும் பயன் இல்லை.

இந்த ஆறு எண்களும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. பத்தின் ஆறாம் படிமூலம் சுமார் 1.47; ஒவ்வொரு எண்ணையும் அதனால் பெருக்கினால் அடுத்தது கிடைக்கும். 10 சதவீதத்துக்குப் பன்னிரண்டு எண்கள், 5 சதவீதத்துக்கு இருபத்துநான்கு, 1 சதவீதத்துக்குத் தொண்ணூற்றாறு என்று வரிசை நெருக்கமாகிக்கொண்டே போகும். யோசனை மின்னணுவியலுக்கு முந்தியது. 1870களில் சார்ல் ரெனார் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, பலூன்களுக்கான கயிறுகளின் அளவுகள் கட்டுக்கடங்காமல் பெருகியதைக் கண்டு, விகித வரிசை ஒன்றை வைத்து அவற்றை ஒரு சிலவாகக் குறைத்தார். சர்வதேச மின்தொழில்நுட்பக் கழகம் ரெசிஸ்டருக்கும் கெபாசிட்டருக்கும் வகுத்த வரிசைகள் 1952இல் ஐஇசி 63 என்ற தரமாக வெளிவந்தன. அந்த வரிசைகளும் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை என்பது வேடிக்கை. கணக்குப்படி 3.2, 4.6 வரவேண்டிய இடங்களில் 3.3, 4.7 நிற்கின்றன, 8.3 இருக்கவேண்டிய இடத்தில் 8.2. பத்து சதவீத வரிசையில் 12 முடிவது 13.2இல், 15 தொடங்குவது 13.5இல், நடுவே சிறு இடைவெளி. துல்லியத்தைப் பற்றிய தரத்திலேயே இந்தப் பிசகு இருந்தும் குடி முழுகிவிடவில்லை. மீட்டர் போல், கிலோகிராம் போல் இவற்றை இயற்கையின் அளவுகளாக யாரும் எண்ணவில்லை. நாலு பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பெயர்கள் இவை, அவ்வளவே.

பெயர் என்பது ஏற்பாடுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பிரிட்டனில் கிடைக்கிறது. அங்கே வீட்டு மின்சாரம் 240 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம் என்று இருந்தது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் 220. எல்லோருக்கும் 230 என்று முடிவெடுத்தபோது, 1995இல் பிரிட்டன் செய்தது எழுத்து மாற்றம் மட்டுமே. இனி 230, மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் என்று எழுதினார்கள். பழைய எல்லை 225.6 முதல் 254.4 வரை, புதிய எல்லை 216.2 முதல் 253 வரை. கம்பியில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் பெரும்பாலும் அப்படியே ஓடியது. பெயரளவு மதிப்பை மாற்றி, டாலரன்ஸையும் ஒருபுறம் சாய்த்ததில் இரண்டு தரங்கள் ஒன்றாயின. இந்தச் சாய்வுக்கும் அர்த்தம் உண்டு. பழைய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களில் கீழே 20 சதவீதம், மேலே 80 சதவீதம் என்று டாலரன்ஸ் கொடுப்பார்கள். பார்ப்பதற்குப் பொறுப்பில்லாத எழுத்தாகத் தோன்றும். பவர் சப்ளையில் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய அந்தக் கெபாசிட்டர் வைக்கிறோம். அளவு குறைந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும், கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எங்கே பிசகலாம், எங்கே பிசகக் கூடாது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. டாலரன்ஸை உற்பத்தியின் குறை என்று மட்டும் படிப்பவர் இதில் பாதியைத்தான் படிக்கிறார்.

இனி டிரான்சிஸ்டருக்கு வருவோம். ரெசிஸ்டர் 5 சதவீதம் பிசகுகிறது என்று குறைப்படுபவர்கள் பிசி 547இன் தரவுத்தாளைப் பார்க்க வேண்டும். அதன் மின்னோட்டப் பெருக்கம் 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம். ஏ, பி, சி என்று பிரித்து வாங்கினாலும் ஏ வகை 110 முதல் 220 வரை, பி வகை 200 முதல் 450 வரை, சி வகை 420 முதல் 800 வரை. ஒரு வகைக்குள்ளேயே இரண்டு மடங்கு வேறுபாடு. பெருக்கம் 200 என்று மனத்தில் வைத்துக்கொண்டு பேஸுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால், கலெக்டரில் 2 மில்லி ஆம்பியர் ஓடும் என்று தாளில் கணக்கு அழகாக வரும். பலகையில் அது 1.1 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். சப்ளை 9 வோல்ட், கலெக்டர் ரெசிஸ்டர் 1.8 கே என்றால், பெருக்கம் 500ஐ எட்டும்போதே மொத்த வோல்ட்டேஜும் அந்த ரெசிஸ்டரில் விழுந்து டிரான்சிஸ்டர் திணறி நின்றுவிடும். அதே டிரான்சிஸ்டருக்கு எமிட்டரில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டு ரெசிஸ்டர்களால் பேஸ் வோல்ட்டேஜை நிறுத்திவைத்து, எமிட்டரில் ஏறத்தாழ 1 வோல்ட் இருக்கும்படி செய்யுங்கள். மின்னோட்டத்தை இனி நிர்ணயிப்பது அந்த எமிட்டர் ரெசிஸ்டர். பேஸை நிறுத்தும் இணையின் சமான மின்தடை 10 கே என்று வைத்துக்கொண்டால், 110க்கும் 800க்கும் இடையே இருந்த ஏழு மடங்கு வேறுபாடு சுமார் 8 சதவீத வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. டிரான்சிஸ்டரைத் திருத்தவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. அதன் பெருக்கம் எவ்வளவு என்ற கேள்வியையே தேவையற்றதாக்கிவிட்டோம்.

இந்த உத்திக்குப் பெரிய வரலாறு உண்டு. தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் இடைக்கிடை பெருக்கிகளை வைக்க வேண்டியிருந்த காலம் அது. வால்வுகளின் பெருக்கம் சூட்டுக்கும் வயதுக்கும் ஏற்ப அலைந்தது, ஒவ்வொரு பெருக்கியும் சேர்க்கும் சிதைவு அடுத்ததில் கூடிக்கொண்டே போனது. நல்ல வால்வு செய்வோம் என்பதே பலரும் தேடிய வழி. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வேறொரு வழியை எழுதினார். வெளிவரும் சைகையில் ஒரு சிறு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிவிடுவது. எதிர்மறைப் பின்னூட்டம் என்று இன்று பாடம் படிக்கிறோமே, அதுதான். பெருக்கம் 1,00,000 உள்ள பெருக்கியில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பினால் கிடைப்பது 99.90. பெருக்கி கிழடுதட்டி அதன் பெருக்கம் பாதியாக, 50,000 ஆகக் குறைந்தாலும் கிடைப்பது 99.80. உள்ளே 50 சதவீத வீழ்ச்சி, வெளியே 0.1 சதவீதம். லட்சத்தை நூறாகக் குறைத்துக்கொள்ளும் இந்த ஊதாரித்தனத்தை உடனே எல்லோரும் ஏற்கவில்லை. பிளாக்குக்குக் காப்புரிமை கிடைத்தது 1937 டிசம்பரில். ஆனால் ஆப்-ஆம்ப் என்ற பாகமே பின்னாளில் இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது.

ஐசி செய்பவர்கள் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார்கள். சிலிக்கான் தகட்டில் செய்யும் ரெசிஸ்டர் உருப்படியாகச் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சொன்ன மதிப்பிலிருந்து 20 சதவீதம் விலகுவது சாதாரணம். ஆனால் ஒரே தகட்டில், அருகருகே, ஒரே நேரத்தில் பிறந்த இரண்டு ரெசிஸ்டர்கள் விலகினால் சேர்ந்தே விலகும், சூடானால் சேர்ந்தே சூடாகும். தனி மதிப்பு மோசம், விகிதம் அருமை. ஹான்ஸ் காமென்ஸிண்ட் 1971இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 555 டைமர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் உள்ளே 5 கே ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக நின்று சப்ளையை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. வெளியே உள்ள கெபாசிட்டர் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறும்போது நேரம் முடிகிறது. அந்த 5 கே உண்மையில் 4 கே ஆனாலும் 6 கே ஆனாலும் கவலையில்லை, மூன்றும் சமமாக இருந்தால் போதும். சப்ளை 12 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்கினால், கெபாசிட்டர் ஏறும் வேகமும் இறங்கும், ஏற வேண்டிய உயரமும் அதே அளவு இறங்கும். நேரம் அப்படியே இருக்கும். ஒரு விடுகதையை அவிழ்ப்பது போன்ற அழகு அந்தச் சுற்றில் உண்டு. பாடநூல்களில் நேரத்துக்கான சூத்திரமாக வரும் 1.1 என்ற எண் மூன்றின் இயல் மடக்கை, 1.0986. அதில் எந்த ரெசிஸ்டரின் மதிப்பும் கலக்கவில்லை, விகிதம் மட்டுமே கலந்திருக்கிறது. சிப்பின் சொந்தப் பிழை வழக்கமாக 1 சதவீதம் அளவில் இருக்கிறது.

வெளியே நாம் மாட்டும் பாகங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரும் மாட்டினால் சூத்திரம் 51.7 விநாடி என்று சொல்லும். ரெசிஸ்டருக்கு 5 சதவீதம், கெபாசிட்டருக்கு 20 சதவீதம் என்று டாலரன்ஸைச் சேர்த்துப் பார்த்தால் 39 விநாடிக்கும் 65 விநாடிக்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் வரலாம். இவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வைத்தால் கெபாசிட்டருக்குள் கசியும் மின்னோட்டமும் சேர்ந்து நேரத்தை இன்னும் நீட்டும். அந்த .7 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கால்குலேட்டர்தான்.

இங்கே ஒருவர் எழுந்து, இதெல்லாம் பழங்கதை என்று சொல்லலாம். இன்றைய உலோகப் படல ரெசிஸ்டர் லேசரால் சீவப்பட்டு வருகிறது. 5 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே டாலரன்ஸ் என்ற கவலை தீர்ந்தது என்பது அவர் வாதம். விலையைப் பற்றி அவர் சொல்வது சரி. ஆனால் வளையத்தில் எழுதியிருக்கும் 1 சதவீதம் என்பது பிறந்த அன்று, 25 டிகிரியில் உள்ள கணக்கு. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் நூறு பங்கு மாறும் ரெசிஸ்டர், பெட்டிக்குள் 85 டிகிரி சூட்டில் நிற்கும்போது இன்னொரு 0.6 சதவீதம் நகர்ந்திருக்கும். ரெசிஸ்டராவது பரவாயில்லை, கைபேசி முதல் கார் வரை எங்கும் நிறைந்திருக்கும் செராமிக் கெபாசிட்டர்களின் சங்கதி வேறு. எக்ஸ்7ஆர் என்ற குறி −55 முதல் 125 டிகிரி வரை மாற்றம் 15 சதவீதத்துக்குள் நிற்கும் என்கிறது. ஒய்5வி என்ற குறியோ மேலே 22, கீழே 82 சதவீதம் வரை போகலாம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இரண்டு குறிகளும் சொல்வது வெப்பநிலையைப் பற்றி மட்டும். கெபாசிட்டரின் மேல் வோல்ட்டேஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு இறங்கும் என்பது குறியில் இல்லை. 10 மைக்ரோஃபாரடை அரிசிமணியை விடச் சிறிய உருவத்தில் அடைத்துச் செய்தவை, தாங்கும் வோல்ட்டேஜை நெருங்கும்போது பாதிக்கும் கீழே போவது சர்வ சாதாரணம். டாலரன்ஸ் 10 சதவீதம் என்று வாங்கியவர், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படவும் முடியாது. கொடுத்த உறுதிமொழி வோல்ட்டேஜ் பற்றியது இல்லையே. தொடக்க டாலரன்ஸ் சுருங்கியதால் மற்றவை அற்றுப்போகவில்லை, பார்வையிலிருந்து மறைந்திருக்கின்றன.

இன்னொரு ஆட்சேபம், ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கிக்கொண்டால் என்ன என்பது. ஒரே ஒரு கருவி செய்பவர் அப்படிச் செய்யலாம், தவறில்லை. ஆயிரம் செய்பவர் செய்தால் பொறுக்கும் கூலி பாகத்தின் விலையை விழுங்கிவிடும். அதைவிட முக்கியம், ஐந்து ஆண்டு கழித்து ஒரு பாகம் எரிந்துபோனால் பழுதுபார்ப்பவர் கடையில் போய் வாங்குவது வெறும் பிசி 547தான். பொறுக்கி எடுத்த பிசி 547 எந்தக் கடையிலும் கிடையாது. அளக்கும் மீட்டருக்கும் டாலரன்ஸ் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொறுக்குவதில் ஒரு பொறியும் இருக்கிறது. உற்பத்தியாளர் தாமே 5 சதவீதத்துக்குள் வந்தவற்றைத் தனியே எடுத்து விற்றுவிட்டு, மீதியை 10 சதவீதம் என்று விற்றால், அந்த மீதிக் குவியலின் நடுவில் சொன்ன மதிப்புக்குரிய பாகமே இருக்காது. சராசரி சரியாக இருக்கும், ஆனால் ஒன்றுகூட சராசரிக்கு அருகில் இராது. சீவித் திருத்தும் இன்றைய முறையில் இப்படி நேர்வது அபூர்வம். ஆனாலும் எழுதிய மதிப்பைச் சுற்றித்தான் பாகங்கள் குவிந்திருக்கும் என்று டாலரன்ஸ் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை அது காட்டுகிறது.

படித்தவர்கள் வைக்கும் ஆட்சேபம் இதைவிட வலுவானது. எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் மோசமான எல்லையில் நிற்கும் என்று கணக்கிட்டு வடிவமைப்பது வீண் செலவு, நிகழ்தகவின்படி பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். 5 சதவீத ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராக இணைத்தால், புள்ளியியல்படி மொத்தப் பிழை ஏறத்தாழ 1.6 சதவீதம் என்பது கணக்கில் சரிதான். ஆனால் அந்தக் கணக்கு, ஒவ்வொரு ரெசிஸ்டரும் மற்றதைச் சாராமல் தன் போக்கில் பிசகுகிறது என்று வைத்துக்கொள்கிறது. நாம் வாங்குவதோ ஒரே ரீலிலிருந்து வெட்டிய பட்டை. ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் வந்தவை எல்லாம் 3 சதவீதம் மேலே சாய்ந்திருந்தால், பத்தைச் சேர்த்தாலும் நூறைச் சேர்த்தாலும் அதே 3 சதவீதம் மேலேதான். ஐசிக்குள் நமக்கு வரமாக இருந்த ஒற்றுமை இங்கே சாபமாகிறது. விகிதம் வேண்டிய இடத்தில் ஒரே ரீலிலிருந்து எடுங்கள். கூட்டுத்தொகை வேண்டிய இடத்தில் புள்ளியியலை நம்பாதீர்கள் என்பதே இதற்கு நடைமுறைப் பதில். உயிர் காக்கும் கருவியில் மோசமான எல்லையையே கணக்கிட வேண்டும். பொம்மையில் புள்ளியியலைக் கொஞ்சம் நம்பினால் குற்றமில்லை.

கடைசியாக, என் கட்சிக்கே எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். விகிதத்தால் எல்லாம் ஆகிவிடாது. கடிகாரம் ஒரு விநாடியை ஒரு விநாடியாகக் காட்ட வேண்டும். வோல்ட் மீட்டர் ஒரு வோல்ட்டை ஒரு வோல்ட் என்று சொல்ல வேண்டும். அங்கே எங்கேனும் ஓரிடத்தில் தனி மதிப்பே துல்லியமான ஒரு பாகம் இருந்தாக வேண்டும். கைக்கடிகாரக் குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு முக்கால் நிமிடத்துக்கு மேல். பவர் சப்ளைகளில் டிஎல் 431 என்ற சிறு ஐசி 2.495 வோல்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது. 2, 1, 0.5 சதவீதம் என்று மூன்று தரத்தில் விற்கிறார்கள். கருவி முழுவதிலும் துல்லியத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் இப்படி ஒன்றோ இரண்டோதான். சிக்கனமான வடிவமைப்பாளர் அந்த இடத்தில் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் கடையில் கிடைப்பதைப் போட்டு முடிப்பார். எந்த இடம் அது என்று தெரியாதவர் எல்லாவற்றுக்கும் 1 சதவீதம் வாங்கி, கெபாசிட்டரில் கோட்டைவிடுவார்.

இந்த அவையில் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகக் குறிப்பேட்டில் 51.7 விநாடி என்று எழுதிவிட்டு, அளந்ததில் 58 வந்தது என்பதற்காகப் பதறி, அளவையே அடித்துத் திருத்தி எழுதும் மாணவர் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவரைப் பொய் எழுத வைப்பது நாம் கேட்கும் கேள்விதான். அடுத்த ஆண்டு முதல் வினாவில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளோடு டாலரன்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். விடையாக ஒரு எண்ணைக் கேட்காமல் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கேளுங்கள். 39 முதல் 65 வரை என்று எழுதி, 58 கிடைத்தது, சரியாக இருக்கிறது என்று முடிக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.